கரியா, கேஸா, கரண்டா? மழை வந்தால் தெரியும்

பாபகியூ அடுப்பு வாங்கப் போகிறவர்கள் விலையையும் ருசியையும் விசாரிக்கிறார்கள். கொழும்பில் இருப்பவர் அதற்கு முன்னால் யோசிக்கவேண்டியது வேறு: பின்னேரம் திடீரென்று மழை கொட்டினால் அந்த அடுப்பை என்ன செய்வீர்கள்? ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை இங்கே வழக்கம்தான்.

சிரட்டைக்கரி இந்தக் கேள்வியில் தோற்றுவிடும். பற்றிய கரியை நினைத்த உடனே நிறுத்த முடியாது. மழைக்காக அதைக் கராஜுக்குள்ளோ கண்ணாடி அடைத்த பல்கனிக்குள்ளோ இழுத்தால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் வந்த பிறகே தெரியவரும். சாம்பல் பூத்துப் புகை அடங்கிய கரியும் அதே வாயுவைத்தான் விடுகிறது. ஆகவே "புகை இல்லையே" என்று ஆறுதல்பட வேண்டாம். மழை வந்தால் மூடியைப் போட்டு, காற்றுத் துளைகளை அடைத்து, அடுப்பை வெளியிலேயே விடுங்கள். மிச்சக் கோழியைக் குசினியில் பொரித்து முடிக்கலாம்.

மூட்டும்போது நடக்கும் தவறு இன்னொன்று. கரி பற்றவில்லை என்று மண்ணெண்ணெயை மேலே ஊற்றுவார்கள். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கரியின் சூட்டில் எண்ணெய் ஆவியாகி, குப்பென்று போத்தல்வரை தீ ஏறும். பெற்றோலைத் தொடவே கூடாது. காய்ந்த பன்னாடையையோ தும்பையோ கீழே வைத்து மூட்டி, 20 முதல் 30 நிமிடம் பொறுத்தால் கரி தானாகச் சாம்பல் பூக்கும். ஈரக் கரி வெடித்துத் தெறிக்கும், அதனால் பையைக் கட்டி உலர்ந்த இடத்தில் வையுங்கள். கரியை அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் பரப்புவது நல்லது. கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் இறைச்சியை மறுபாதிக்கு நகர்த்தலாம். கொழுப்புத் தீயில் தண்ணீர் ஊற்றினால் அது தெறித்துப் பரவும்.

சமைத்து முடிந்த பிறகும் கரி ஆபத்துத்தான். சாம்பலுக்குள் தணல் ஒரு நாள்கூட உயிரோடு இருக்கும். அதைப் பிளாஸ்டிக் குப்பை வாளியில் கொட்டாமல், மூடியுள்ள தகர வாளியில் போட்டு, மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கிளறி, இரண்டு நாள் கழித்து வீசுங்கள்.

கேஸ் அடுப்புக்கு மழை சிக்கலே இல்லை. சிலிண்டர் வால்வைத் திருகினால் தீ நின்றுவிடும். அதன் ஆபத்து பற்றவைக்கும் முன்னரே தொடங்குகிறது. எல்.பி. வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு தவழ்ந்து வடிகானிலும் படிக்கட்டிலும் இறங்கித் தேங்கும். சவர்க்காரத் தண்ணீரை ரெகுலேட்டர் மூட்டிலும் ஹோஸிலும் பூசி வால்வைத் திறவுங்கள்; குமிழி வந்தால் மூடிவிட்டுப் பழுதான பாகத்தை மாற்றுங்கள். மூடியைத் திறந்து வைத்துத்தான் பற்றவைக்கவேண்டும். 10 விநாடியில் பற்றாவிட்டால் கேஸை நிறுத்தி 5 நிமிடம் காத்திருங்கள். திரும்பத் திரும்ப லைட்டரை அமுக்கினால் உள்ளே தேங்கிய வாயு முகத்தில் வெடிக்கும். 2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் கேஸ் வெடிப்புகள் நடந்தபோது சிலிண்டருக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் கலவை பெரும் சர்ச்சையானது. புரொப்பேன் கூடினால் அமுக்கமும் கூடும்; விரிசல் விழுந்த பழைய ஹோஸும் தளர்ந்த கிளிப்பும் அதைத் தாங்காது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கிரில்லின் இணைப்பு நம் சிலிண்டருக்குப் பொருந்தாவிட்டால், டேப் சுற்றிச் சமாளிக்கவே வேண்டாம்.

மின் கிரில்லில் சுடர் இல்லை, சாம்பல் இல்லை. ஆனால் மழையும் கரண்டும் சேரக்கூடாது. தூறல் விழுந்தால் முதலில் வீட்டுக்குள் இருக்கும் சுவிட்சை நிறுத்துங்கள். நனைந்த பிளக்கில் கை வைக்காதீர்கள். 2000 வோட்ஸ் கிரில், 230 வோல்ற்றில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளின் 5 அம்பியர் வட்டமுள் பிளக் அதில் சூடேறி உருகக்கூடும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளோடு விட்டாலும் சூடேறும், முழுதாக விரித்துப் பாவியுங்கள். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை முன்கூட்டியே அமுக்கிப் பாருங்கள். சூடு குறைந்த கிரில் என்றால் கோழி எலும்போரத்தில் பச்சையாக நிற்கும். அங்கே 74 பாகை செல்சியஸ் வரவேண்டும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி தொடர்மாடியில் இருப்பவருக்கு, நிர்வாகம் அனுமதித்தால், மின் கிரில்தான் எங்கள் தெரிவு. திறந்த மொட்டை மாடி உள்ளவர் கேஸ் வாங்கலாம். ஆனால் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி, உடுப்புக் கொடி, படிக்கட்டு வாசல் மூன்றையும் விட்டுத் தள்ளி வைக்கவேண்டும். கரி, சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் 3 மீற்றராவது விலக முற்றம் உள்ள வீட்டுக்கு. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் நெருக்கமாகக் கட்டிய வீடுகளுக்கு அந்த இடைவெளி பெரும்பாலும் கிடைக்காது. அங்கே கரியை எடுக்கவே வேண்டாம்.