கார் இஞ்சினில் கிரீச் சத்தமா? ‘ஆல்டர்னேட்டர் போச்சு சார்’ என்றால் உடனே பணம் கட்டாதீர்கள்

சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். ஒரு பெல்ட் மாற்றினால் தீர்ந்திருக்கும் சத்தத்துக்கு என்னிடம் 14,500 ரூபாய் வாங்கினார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு, பில்லில் போட்ட வேலையையும் செய்யவில்லை என்பதுதான் கொடுமை.

வண்டி 2014 பெட்ரோல் ஸ்விஃப்ட். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள்ளிருந்து கிரீச்சென்று காதைக் கிழிக்கிற சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். ஏசியும் ஹெட்லைட்டும் சேர்த்துப் போட்டால் மறுபடி தொடங்கும். மழை பெய்த மறுநாள் இன்னும் அதிகம். அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டிய வாரம் அது. வண்டி வழியில் நின்றுவிடக் கூடாதே என்று, தாம்பரம் பக்கம் எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

சூப்பர்வைசர் சத்தத்தைக் கேட்கக்கூட இல்லை. கோளாறு காட்டும் ஸ்கேனரைச் சொருகினார், மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தார், “பாருங்க சார், 12.4தான் காட்டுது. ஆல்டர்னேட்டர் போச்சு. இப்படியே ஓட்டினா நடுரோட்டுல நிக்கும்” என்றார். ஆல்டர்னேட்டர் என்பது இஞ்சின் ஓடும்போது பெல்ட்டால் சுற்றி பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம். எஸ்டிமேட்டில் ஆல்டர்னேட்டரோடு ‘டைமிங் பெல்ட் செட்’ என்று இன்னொரு வரியும் இருந்தது. அது இஞ்சினுக்குள் வால்வுகளை இயக்குவது, வெளியே தெரியும் பெல்ட் வேறு. இந்த இஞ்சினில் டைமிங் பெல்ட்டே கிடையாதே, செயின்தானே என்று கேட்டேன். ஒரு நொடி யோசித்துவிட்டு, “ஆமா சார், செயின் கிட்டுனு போட வேண்டியது, டைப் பண்ணும்போது மாறிடுச்சு” என்று சொல்லி அந்த வரியை அடித்தார். ஆல்டர்னேட்டரை மட்டும் மாற்றச் சொன்னேன். மாலையில் வண்டி சத்தமில்லாமல் வந்தது. பழைய ஆல்டர்னேட்டரைக் கேட்டதற்கு, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டோம் என்றார்கள். பில்லில் பார்ட் நம்பரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதே சத்தம்.

இந்த முறை எங்கள் ஏரியாவில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தவர், “யாரு தம்பி இதை மாத்துனாங்கன்னு சொன்னது? இங்க வந்து பாருங்க” என்று கூப்பிட்டார். ஆல்டர்னேட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பல வருஷத்து எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கெட்டியாக உறைந்திருந்தன. ஸ்பானர் பட்டிருந்தால் மூலைகளில் உலோகம் பளிச்சென்று தெரியும். ஒரு போல்ட்டில்கூட அது இல்லை. பின்பக்கம் தடிமனான ஒயர் மாட்டியிருக்கும் நட்டின் ரப்பர் மூடியில் படிந்திருந்த தூசியில் ஒரு விரல் ரேகைகூட விழவில்லை. ஆக, ஆல்டர்னேட்டரை அவர்கள் கழற்றவே இல்லை.

அப்படியானால் சத்தம் எப்படி நின்றது? பெல்ட்டைத் தொடச் சொன்னார். பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது, கூடவே பொடி மணல். பெல்ட் வழுக்காமலிருக்க அடிக்கும் ஸ்ப்ரே அது. சில நாள் சத்தத்தை அடக்கும். அப்புறம் தூசியை இழுத்துப் பெல்ட்டையும், அது சுற்றும் சக்கரமான புல்லியையும் இன்னும் தேய்த்துவிடும். அந்த ஒரு ஸ்ப்ரேக்குத்தான் 14,500 ரூபாய்.

மல்டிமீட்டர் விஷயமும் அப்போதுதான் வெளியே வந்தது. அவர்கள் அளந்ததை நான் போனில் வீடியோ எடுத்திருந்தேன். அதைப் பார்த்ததும் பெரியவர், “இஞ்சின் ஆஃப்ல இருக்கே தம்பி” என்றார். இஞ்சின் ஓடாதபோது 12.4, 12.6 வோல்ட் என்பது பேட்டரியின் சாதாரண அளவு. ஆல்டர்னேட்டரைச் சோதிக்க இஞ்சினை ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும், அப்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை காட்டும். என் வண்டியில் 14.1 காட்டியது. ஸ்கேனரும் அப்படித்தான். பெல்ட் வழுக்கிக் கத்துவதை அது சொல்லாது. காதாலும் கையாலும் பார்க்க வேண்டிய வேலை இது.

அவர் பார்த்த விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். சத்தம் வரும்போது, தள்ளி நின்று, ஓடுகிற பெல்ட்டின் வரிப் பக்கத்தில் (நீளவாக்கில் கோடு கோடாக இருக்கும் பக்கம்) கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சினார். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. சட்டென்று நின்று, ஈரம் காய்ந்ததும் திரும்ப வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை, அல்லது பெல்ட்டின் வரிகளில் கோளாறு. எனக்குக் கூடியது. அப்புறம் இஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, புல்லி ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பார்த்தார். பேரிங் போயிருந்தால் கரகரவென்று சுற்றும், அல்லது ஆடும். ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்ப்பும் சத்தமில்லாமல் சுற்றின. பெல்ட்டைக் கழற்றிய நிலையில் சில நொடி மட்டும் ஸ்டார்ட் செய்தார். சத்தம் இல்லை. அப்போதும் வந்திருந்தால் கோளாறு இஞ்சினுக்குள் என்று அர்த்தம். அதிக நேரம் ஓடவிடக் கூடாது, பெல்ட் இல்லாமல் வாட்டர் பம்ப் சுற்றாது. தண்ணீர் சோதனையை நீங்களே செய்தால் துப்பட்டா, தொங்கும் கயிறு, தளர்ந்த கைச்சட்டை எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் இஞ்சினை அணைத்த பிறகும் தானாகச் சுற்றலாம்.

பெல்ட்டில் வெடிப்பு இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். இப்போது வரும் ஈபிடிஎம் என்கிற செயற்கை ரப்பர் பெல்ட்டுகள் பழைய பெல்ட் மாதிரி வெடிக்காமல் டயர் போலத் தேயும். வரிகளுக்கு நடுவே பள்ளம் அகலமாகி, புல்லியைப் பிடிக்கும் இடம் குறைந்துவிடும். பெல்ட்டின் முதுகில் 4பிகே, 6பிகே என்று அச்சிட்டு ஒரு எண் இருக்கும். முதல் எண் வரிகளின் எண்ணிக்கை, பின்னால் வருவது மில்லிமீட்டரில் நீளம். அதைக் குறித்துக்கொண்டு ஜி.பி. ரோட்டில் புது பெல்ட் வாங்கினேன். 620 ரூபாய். மாட்டி, பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிபார்க்க 400 ரூபாய் லேபர். சத்தம் போயே போய்விட்டது.

சத்தத்தை அப்படியே விட்டுவிடவும் கூடாது. என் வண்டியில் அந்த பெல்ட் அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஆகாது, வாட்டர் பம்ப்பும் நின்று இஞ்சின் சூடேறிவிடும். அப்பா வண்டியில் இருக்கும்போது அது நடந்திருந்தால்? மற்ற எதையும்விட இதற்காகத்தான் எனக்கு அவர்கள் மேல் ஆத்திரம்.

எனவே எந்த ஒர்க்‌ஷாப் ஆனாலும் வேலைக்கு முன்பே, கழற்றிய பழைய பாகம் கையில் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பார்ட் நம்பரும் ஜிஎஸ்டி எண்ணும் போட்ட பில் கேளுங்கள். வண்டியை விடுமுன் அந்தப் பாகத்தின் போல்ட்டுகளை போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நான் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். அடுத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன். “பாதியைத் திருப்பித் தர்றோம் சார், கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கிடுங்க” என்றார்கள். முழுத் தொகையும், பில்லில் போட்ட ஆல்டர்னேட்டரை மாற்றவில்லை என்று எழுத்திலும் கேட்டிருக்கிறேன். இரண்டும் வரும்வரை வாபஸ் இல்லை.