லினக்ஸ் கண்ணில் படாத சாட்டா கார்டு: இரண்டரை ஆண்டு அனுபவம்

மதர்போர்டில் ஹார்ட் டிஸ்க் மாட்ட இருந்த சாட்டா போர்ட்கள் போதாமல் ஐந்து போர்ட் கொண்ட ஒரு விரிவாக்கக் கார்டு வாங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. டெபியன் லினக்ஸ் ஓடும் மேசைக் கணினி. குடும்பப் படங்களும் பேக்கப்பும் அந்தக் கார்டில் மாட்டிய நான்கு ஹார்ட் டிஸ்க்குகளில்தான் இருக்கின்றன. இன்று அது இருப்பதே எனக்கு நினைவில் இருப்பதில்லை. முதல் இரண்டு நாள் லினக்ஸுக்கும் அப்படித்தான் இருந்தது.

கார்டை மாட்டிக் கணினியைப் போட்டேன். ஒரு டிஸ்க்கும் தெரியவில்லை. உடனே டிரைவர் தேடக் கிளம்பினேன். லினக்ஸின் மையமான கர்னலைக்கூட மாற்றிப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்கப் போனது. மாட்டியிருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ஓட்டிப் பார்க்க மறுநாள்தான் தோன்றியது. பட்டியலில் கார்டே இல்லை.

டிரைவர் இருக்கிறதா என்பது எல்எஸ்பிசிஐக்கு ஒரு பொருட்டே இல்லை. கார்டுகளை இணைக்கும் பிசிஐ பஸ்ஸில் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொன்ன எதையும் அது காட்டும். டிரைவரே இல்லாத கார்டுகூடத் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் சொல்லிவிடும். அதிலேயே வரவில்லை என்றால் கோளாறு டிரைவருக்கும் கீழே: ஸ்லாட், பயாஸ், மின்சாரம் அல்லது கார்டேதான். போதாக்குறைக்கு என்னுடையது ஏஹெச்சிஐ என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றும் கார்டு. அதற்கான டிரைவர் கர்னலிலேயே உண்டு. நான் தேடி அலைந்தது ஏற்கெனவே கையில் இருந்த ஒன்றை.

சரி, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பயனில்லை. கிராஃபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டு மேல் ஸ்லாட்டில் இதைப் போட்டதும் உடனே தெரிந்தது. ஆக, கார்டு நலம். கீழ் ஸ்லாட்தான் ஊமை. காரணம் மதர்போர்டு கையேட்டில், பொடி எழுத்து அடிக்குறிப்பில் இருந்தது: எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 இடங்களில் இரண்டாவதில் ஏதாவது இருந்தால் கீழ் ஸ்லாட் அணைந்துவிடும். இரண்டுக்கும் ஒரே லேன்கள், அதாவது தரவு போகும் பாதைகள். ஹீட் சிங்க்கைக் கழற்றச் சோம்பல்பட்டு என்விஎம்இ எஸ்எஸ்டியை அந்த இரண்டாவது இடத்தில் மாட்டியது நான்தான். அதை முதல் இடத்துக்கு மாற்றினேன். கார்டு வந்தது, டிஸ்க்குகளும் வந்தன.

ஆனால் நெட்வொர்க் போய்விட்டது! புதிதாக ஒன்று பஸ்ஸில் சேர்ந்ததும் எண்கள் நகர்ந்து, இஎன்பி4எஸ்0 என்ற பெயரில் இருந்த நெட்வொர்க் இணைப்பு இஎன்பி5எஸ்0 ஆகியிருந்தது. அமைப்புக் கோப்பில் பழைய பெயர். இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது.

அப்புறம் ஏழு மாதம் நிம்மதி. பிறகு கணினியை இரவில் உறங்க வைக்கத் தொடங்கினேன். சில நாள் காலையில் எழுப்பினால் நான்கு டிஸ்க்குகளும் மாயம். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெஜ் பதிவில், கார்டை டி3கோல்டு (மின்சாரம் நின்ற) நிலையிலிருந்து டி0 (முழுதாக இயங்கும்) நிலைக்குக் கொண்டுவர முடியவில்லை என்ற வரி. மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தூங்கியது எழுந்திருக்கவில்லை. கர்னல் துவக்க வரியில், பிசிஐஇ போர்ட்களின் மின்சேமிப்பை நிறுத்தும் பிசிஐஇ_போர்ட்_பிஎம்=ஆஃப் என்பதைச் சேர்த்த பிறகு அந்தத் தொல்லை வரவில்லை. கொஞ்சம் மின்சாரம் கூடுதலாகப் போகத்தான் செய்யும், எனக்குச் சம்மதம்.

கார்டு தெரிந்துவிட்டதே என்று விட்டுவிடவும் முடியாது. ஒருமுறை தூசி தட்டிவிட்டு மாட்டியதில், எல்லாம் ஓடியது, ஆனால் டிஸ்க் சோதனை இழுத்துக்கொண்டே போனது. எல்எஸ்பிசிஐயை ரூட் (நிர்வாகி) உரிமையுடன், கூடுதல் விவரம் காட்டும் -vv போட்டு ஓட்டினால் லிங்க் நிலை, அதாவது கார்டு எத்தனை லேனில் ஓடுகிறது என்பது தெரியும். இரண்டு லேன் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று, பக்கத்தில் டவுன்கிரேடட் (தரம் குறைந்தது) என்ற சொல். மூன்றாம் தலைமுறை பிசிஐஇ லேன் ஒன்றில் நொடிக்கு ஒரு ஜிபிக்குச் சற்றுக் குறைவாகத்தான் போகும். நான்கு டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் படித்தால் அது இறுக்கம். கார்டு ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது. அழுத்தி, திருகை முடுக்கியதும் சரியானது.

இந்தக் கார்டையே மீண்டும் வாங்குவேனா? வாங்குவேன், கையேட்டை முதலில் படித்துவிட்டு. ஐந்தாவது போர்ட் இன்னும் காலியாகவே கிடக்கிறது. அதில் ஒரு டிஸ்க் மாட்டலாம்தான். ஆனால் பெட்டியைத் திறக்க மனம் வரவில்லை.