இரத்தமே எடுக்காமல் வந்த இரண்டு அறிக்கைகள்: 9,600 ரூபாய் போயிற்று

முடக்குவாதத்திற்காக என் அம்மா நான்கு மாதங்களாக மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறார். வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் போட வேண்டிய அந்த மாத்திரை, எலும்பு மஜ்ஜையையும் கல்லீரலையும் பாதிக்கக்கூடியது என்பதால், இரத்தப் பரிசோதனையை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது என்று மருத்துவர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்குப் பேருந்தில் வந்து போக அம்மாவின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ஆகவே, வீட்டுக்கே வந்து இரத்தம் எடுக்கும் ஒரு பரிசோதனை நிலையத்தில், மாதம் ஒரு முறை வீதம் ஓராண்டுக்கு 9,600 ரூபாயை மொத்தமாகக் கட்டினேன்.

முதல் மாதம் வந்த பையன் கையுறை மாட்டிக்கொண்டு, பொறுமையாக நரம்பைத் தேடி, ஒரே குத்தில் இரத்தம் எடுத்து, குழாயின் மேல் அம்மாவின் பெயரை எங்கள் கண்ணெதிரே எழுதினான். “இனி நாங்களே வந்துடுவோம்மா, நீங்க அலையவே வேண்டாம்” என்றான். அம்மா அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினார். அன்றே நான் முழுதாக நம்பிவிட்டேன்.

அதன் பிறகு யாரும் வரவில்லை. ஆனால் அறிக்கை மட்டும் மாதந்தோறும் என் வாட்ஸ்அப்பிற்கு வந்தது. ஓசூரில் வேலையில் இருந்த நான் இரத்தம் எடுத்திருப்பார்கள் என்றே நினைத்தேன். அம்மாவோ பையன் இன்று வருவான், நாளை வருவான் என்று காத்திருந்திருக்கிறார். சென்ற வாரம் வாயெல்லாம் புண்ணாகி, களியைக்கூட விழுங்க முடியாமல் போனபோதுதான் தருமபுரி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வந்தோம். எலும்பு மஜ்ஜையில் உருவாகி நோயை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்கள், குறைந்தது 4,000 இருக்க வேண்டிய இடத்தில், 2,100 மட்டுமே இருந்தன. மாத்திரையை உடனே நிறுத்திவிட்டார்கள். அன்றிரவு வார்டுக்கு வெளியே உட்கார்ந்து மூன்று அறிக்கைகளையும் ஒப்பிட்டேன். மூன்றிலும் வெள்ளணு 7,400, ஹீமோகுளோபின் 11.2, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.8. தேதி மட்டுமே மாறியிருந்தது.

பரிசோதனை நிலையத்தில் கேட்டதற்கு, முதலில் கணினிக் கோளாறு என்றார்கள். மறுநாள் பையன் வேலையை விட்டுவிட்டான் என்றார்கள். 9,600 ரூபாயைத் திருப்பிக் கேட்டபோது, மீதி மாதங்களுக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். இப்போது என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

இத்தகைய மாத்திரை சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால், ஓராண்டுப் பணத்தை ஒரேயடியாகக் கட்டாதீர்கள். அறிக்கை வந்தால், இரத்தம் எடுத்தார்களா என்று அவரிடமே கேளுங்கள். வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால், கையிலிருக்கும் அறிக்கை எதைச் சொன்னாலும் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.