அட்மினிஸ்ட்ரேஷன்ல இருக்குற கிளப்போட சீசன் டிக்கெட்: வாங்கலாமா, வேண்டாமா?

ஃபுட்பால் கிளப் திவாலாகுற நெலமையில இருக்கும்போது சீசன் டிக்கெட்டுக்கு பணம் கட்டலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. அட்மினிஸ்ட்ரேஷன்னா, கடன்ல மூழ்குற கிளப்ப ஓனர் கையில இருந்து எடுத்து அட்மினிஸ்ட்ரேட்டர்ங்கற வெளியாள்கிட்ட குடுக்குறது, அவரு கிளப்ப நடத்திக்கிட்டே வேற ஆளுக்கு விக்கப் பாப்பாரு. இந்த சீசன அப்படி ஒரு டிக்கெட்ட வச்சு பாத்த ஆளுங்கற முறையில எழுதுறேன். கிளப் பேரு வேண்டாம், இங்கிலாந்து லீக் கிளப், அவ்ளோ போதும். நான் முழு சீசன் டிக்கெட்ட கோடையிலயே வாங்கிட்டேன், நடுவுல கிளப் அட்மினிஸ்ட்ரேஷனுக்கு போச்சு, அதுக்கப்புறம் அரை சீசன் டிக்கெட் விட்டாங்க, எனக்கு பக்கத்து சீட்டுக்காரர் அத வாங்கி வந்தாரு. ரெண்டு பேர் கையிலயும் அதே கலர் கார்டு, பாத்ததும் அதே மேட்ச். ஆனா அட்மினிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடி வாங்குறதும் பின்னாடி வாங்குறதும் வேற வேற பொருள்னுதான் நான் சொல்லுவேன், இத விளங்கிக்காம யாரும் பணம் கட்டாதீங்க.

முன்னாடி வாங்குற டிக்கெட்டுன்னா என்ன? அடுத்த மே மாசம் வரைக்கும் நடக்கப்போற மேட்சுக்கு இப்பவே மொத்தமா பணம் குடுக்குறோம், கிளப்புக்கு அது வட்டியில்லா கடன். நல்லா ஓடுற கிளப்ல இது பிரச்சனையே இல்ல. பணமில்லாத கிளப்ல நம்ம காச வாங்கி போன மாச சம்பள பாக்கிய அடைக்கிறாங்க, அப்புறம் டிசம்பர்ல மறுபடி ஓட்டாண்டி. கிளப் மூழ்கிடுச்சுன்னா நாம அடமானம் எதுவும் இல்லாம கடன் குடுத்தவங்க, வரிசையில கடைசி. அடமானம் வாங்கி கடன் குடுத்தவங்க, அட்மினிஸ்ட்ரேட்டரோட ஃபீஸ், ஊழியர் சம்பள பாக்கியில ஒரு பகுதி, 2020 டிசம்பர்ல இருந்து வரித்துறைக்கு சேர வேண்டிய வாட், சம்பளத்துல பிடிச்ச வருமான வரி மாதிரியானது, இதெல்லாம் போயிட்டு மிச்சம் இருந்தாதான் நம்ம பக்கம் திரும்புவாங்க. ஃபுட்பால்ல இன்னொரு விதி வேற இருக்கு, லீக்ல தொடரணும்னா பிளேயர் சம்பளமும் பிளேயர வாங்குனதுக்கு மத்த கிளப்புக்கு தர வேண்டிய டிரான்ஸ்ஃபர் பாக்கியும் முழுசா கட்டியாகணும். 2010ல போர்ட்ஸ்மத் கிளப் அட்மினிஸ்ட்ரேஷனுக்கு போனப்போ 10 கோடி பவுண்டுக்கு மேல கடன், அந்த லிஸ்ட்ல மேட்சுக்கு வந்து முதலுதவி பாத்த செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் பேரும் இருந்துச்சு. பிளேயருக்கு முழுசா, முதலுதவிக்கு வந்தவங்களுக்கு பவுண்டுக்கு சில பென்ஸ். இது அநியாயம்னு அப்பவும் சொன்னாங்க, இப்பவும் அதே விதிதான்.

சீசன் டிக்கெட் பணத்த வச்சு என்னவெல்லாம் செய்யலாம்னு பாக்கணும்னா ஸ்காட்லாந்து ரேஞ்சர்ஸ் கதைய படிங்க. 2011ல கிரெய்க் வைட் 1 பவுண்டுக்கு கிளப்ப வாங்குனாரு, பேங்க் கடன அடைக்கணும்னு ஒப்பந்தம், அந்த பணம் எங்கருந்து வந்துச்சுன்னா வருங்கால சீசன் டிக்கெட் வருமானத்த டிக்கெட்டஸ்ங்கற கம்பெனிகிட்ட முன்கூட்டியே வித்து வந்துச்சு. ரசிகன் இன்னும் வாங்கவே இல்லாத டிக்கெட்ட வித்து கிளப்ப வாங்கியிருக்காங்க! 2012 பிப்ரவரி 14 அட்மினிஸ்ட்ரேஷன், ஜூன்ல கடன் தீர்வு திட்டத்த வரித்துறை ஏத்துக்கல, சொத்தையெல்லாம் வேற குழுவுக்கு 55 லட்சம் பவுண்டுக்கு வித்தாங்க, நாலாவது டிவிஷன்ல இருந்து ஆரம்பிச்சாங்க. அங்க அவங்க ஸ்டேடியமான ஐப்ராக்ஸ்ல நடந்த முதல் லீக் மேட்சுக்கு 49,118 பேர் வந்தாங்க. நாலாவது டிவிஷன் மேட்சுக்கு! ரசிகன் வந்துடுவான்னு தெரிஞ்சிதானே அவன் டிக்கெட்டையே அடகு வைக்கிறாங்க, அந்த நெனப்பு வரும்போது எனக்கு வயிறு எரியுது.

சரி, பின்னாடி வாங்குற டிக்கெட். அட்மினிஸ்ட்ரேட்டர் வந்துட்டாருன்னா பழைய ஓனர் கைய விட்டு சாவி போயிடுச்சு. கவுன்டர்ல நீங்க குடுக்குற பணம் அன்னன்னைக்கு கிளப்ப நடத்துறதுக்குத்தான் போகுது, கரன்ட் பில்லு, கூட்டத்த பாத்துக்குற ஸ்டீவர்டுங்க சம்பளம், வெளியூர் மேட்சுக்கு பஸ். ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப்போட ரசிகர்கள் இத ரொம்ப தெளிவா காட்டுனாங்க. ஓனர் சான்சிரி இருந்த வரைக்கும் கடையில வாங்காதீங்க, மேட்சுக்கு போகாதீங்கன்னு புறக்கணிச்சாங்க, மிடில்ஸ்பரோ மேட்சுல ஸ்டேடியம் காலியா கெடந்துச்சு. 2025 அக்டோபர் 24 அட்மினிஸ்ட்ரேஷன்னு நியூஸ் வந்ததும் அதே ஆளுங்க கிளப் கடை வாசல்ல வரிசை கட்டி நின்னாங்க. அட்மினிஸ்ட்ரேஷனுக்கு போனா லீக் 12 பாயிண்ட் வெட்டும், அது போன நாள்ல கொண்டாட்டமான்னு வெளியாளுக்கு கிறுக்குத்தனமா தெரியும். காசு எங்க போகும்னு பாத்து செலவு பண்ணியிருக்காங்க, என்னைப் பொறுத்தவரை அதவிட புத்திசாலித்தனமான ரசிகர் கூட்டம் சமீபத்துல இல்ல.

என் பழைய டிக்கெட்ட அட்மினிஸ்ட்ரேட்டர் ஏத்துக்கிட்டாரு. சட்டப்படி ஏத்துக்கிட்டே ஆகணும்னு கட்டாயம் இல்ல, ஆனா ரசிகன வாசல்ல நிறுத்திட்டு கிளப்ப யாருக்கு விக்கிறது, அதனால வழக்கமா ஏத்துக்குவாங்க.

இப்போ மேட்ச் டே எப்படின்னு சொல்றேன். ஆட்கள பாதி பேர வேலைய விட்டு அனுப்பிட்டாங்க, அது நுழையும்போதே தெரியுது. டர்ன்ஸ்டைல், அதான் உள்ள நுழையுற சுழல் கேட், சிலது மூடிட்டாங்க, மேல் ஸ்டாண்ட் பூட்டு, ஸ்டால் ஒண்ணு ரெண்டுதான், அரைமணி முன்னாடி போகலைன்னா முதல் கோல் சத்தத்த வெளிய நின்னு கேக்க வேண்டியதுதான். டிக்கெட் ஆபீஸ்ல இருந்தவங்கள மட்டும் தலைல வச்சு கொண்டாடணும். அவங்களுக்கே அடுத்த மாசம் வேலை இருக்குமான்னு தெரியாது, சம்பளம் லேட்டா வந்த மாசமெல்லாம் உண்டு, அப்பவும் ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி கூப்பிட்டு பேசுனாங்க. ஏழாவது மேட்சுக்கு ஒரு பெரியவர் கார்டு ஸ்கேன் ஆகலைன்னு போனப்போ அந்தம்மா வெளிய வந்து கூடவே நடந்து உள்ள விட்டுட்டு போனாங்க. சர்வீஸுக்கு மட்டும்னா அஞ்சுக்கு அஞ்சு.

ஆட்டம்? டிரான்ஸ்ஃபர் தடை, வேற கிளப்புல இருந்து லோன்ல வந்தவன் திரும்பி போயாச்சு, நல்ல விலை போற பையன ஜனவரில வித்தாச்சு. மிச்சம் அகாடமி பசங்கதான். அடி வாங்குனோம், நிறையவே. ஆனா பதினெட்டு வயசு பையன் ஒருத்தன் டேக்கிள் ஒண்ணு ஜெயிச்சதுக்கு கோல் அடிச்ச மாதிரி மொத்த ஸ்டாண்டும் எந்திரிச்சு கத்துது பாருங்க, அத நான் நல்ல சீசன்ல கூட பாத்ததில்ல. பாயிண்ட் டேபிளதான் பாக்க முடியல. டர்பி கவுண்டி கிளப் 2021-22ல களத்துல 55 பாயிண்ட் எடுத்துச்சு, அட்மினிஸ்ட்ரேஷனுக்கு 12, கணக்கு வழக்கு மீறலுக்கு 9ன்னு 21 வெட்டி 34ஆக்கி கீழ தள்ளிட்டாங்க. மேனேஜர் வெய்ன் ரூனியும் பசங்களும் செஞ்சதுல என்ன தப்பு? தப்பு பண்ணுன ஓனர் வீட்டுக்கு போயிட்டாரு, தண்டன அந்த பசங்களுக்கும் நமக்கும்.

இதவிட கொடும டேக்ஓவர், அதாவது புது ஓனர் வந்து கிளப்ப வாங்குறதுக்கான காத்திருப்பு. டிக்கெட் வாங்கும்போது இது சேத்து வருதுன்னு யாரும் சொல்றதில்ல. வாங்க வந்தவங்கள்ல அட்மினிஸ்ட்ரேட்டர் முதல்ல பேசி முடிக்க தேர்ந்தெடுத்த ஆளுன்னு, முன்னுரிமை ஏலதாரர்னு ஒருத்தர அறிவிப்பாங்க, போட்டோ வரும், அவரு முன்னாடி என்ன பிசினஸ் பண்ணுனாருன்னு ராத்திரி பூரா தேடுவோம், பணம் இருக்குன்னு ஆதாரம் காட்டிட்டாருன்னு ஒருத்தர் எழுதுவாரு, இல்லைன்னு இன்னொருத்தர், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்னு சொல்வாங்க, வெள்ளிக்கிழமை வரும் போகும். டர்பிக்கு கிறிஸ் கிர்ச்னர்னு அமெரிக்கர் வந்தாரு, முன்னுரிமை ஏலதாரர் ஆனாரு, பணம் கடைசி வரைக்கும் வந்து சேரல, 2022 ஜூலை 1ல உள்ளூர் ஆளு டேவிட் க்ளோஸ் வாங்கித்தான் காப்பாத்துனாரு. பரிங்கற கிளப்புக்கு அப்படி ஒருத்தர் கெடைக்கல. 1885ல ஆரம்பிச்ச கிளப், ரெண்டு தடவ எஃப்ஏ கப் ஜெயிச்ச கிளப், 2018ல 1 பவுண்டுக்கு கை மாறுச்சு. 2019 ஆகஸ்ட் 27 அன்னைக்கு சனிக்கிழமை மேட்சு நடக்கும்னு நம்பி ரசிகர்கள் கிக் லேன் ஸ்டேடியத்துக்கு போய் சீட்டெல்லாம் தொடைச்சு சுத்தம் பண்ணிட்டிருந்தாங்க. வாங்க வந்த கம்பெனி அன்னைக்கே பின்வாங்கிடுச்சு, ராத்திரி லீக்ல இருந்து தூக்கிட்டாங்க. அந்த சீசன்ல பரி ஒரு மேட்ச் கூட ஆடல. அதனால ‘டேக்ஓவர் உறுதி’ன்னு யாரு சொன்னாலும், லீக் ஒப்புதல் குடுத்து, பணம் அக்கவுண்ட்ல ஏறி, கையெழுத்தும் போட்ட பிறகு நம்புங்க.

பணம் கட்டுற முறைதான் இந்த ரிவ்யூல முக்கியமான விஷயம். 100 பவுண்டுக்கு மேல 30,000 வரைக்கும் விலையுள்ள பொருள கிரெடிட் கார்டுல நேரா கிளப்புக்கு கட்டுனா 1974 நுகர்வோர் கடன் சட்டத்தோட 75வது பிரிவு இருக்கு, கிளப் மூழ்கிட்டா கார்டு கம்பெனிகிட்ட கேக்கலாம், அவங்களுக்கும் சம பொறுப்பு. டெபிட் கார்டுன்னா சார்ஜ்பேக்தான், அதாவது பேங்க் வழியா பணத்த திரும்ப கேக்குறது, அது கார்டு கம்பெனிகளோட சொந்த விதி, சட்ட உரிமை இல்ல. ரொக்கமாவோ பேங்க் டிரான்ஸ்ஃபராவோ கட்டவே கட்டாதீங்க. நடுவுல இன்னொரு கம்பெனி வழியா போற எதுலயும் 75வது பிரிவு சிக்கலாகலாம், தவணைத் திட்டம் எடுக்குறவங்க யாரு கூட ஒப்பந்தம் போடுறோம்னு கடைசி பக்கம் வரைக்கும் படிச்சிட்டு கையெழுத்து போடுங்க.

அப்புறம் உபரியா செலவு பண்ண காசு இருந்தா மூணாவது ஜெர்சி வாங்காம ரசிகர்களே சேந்து நடத்துற ரசிகர் டிரஸ்ட்ல சேருங்க. போர்ட்ஸ்மத்த 2013 ஏப்ரல்ல வாங்கி காப்பாத்துனது ரசிகர் டிரஸ்ட்தான், பங்கு 1,000 பவுண்டு, ரெண்டாயிரத்துக்கு மேல ஆளுங்க போட்டாங்க, சிலர் பணத்த ஒண்ணா சேத்து கூட்டா வாங்குனாங்க. நாலு வருஷம் கழிச்சு ஐஸ்னர் குடும்பத்து கம்பெனிக்கு விக்கலாமான்னு பங்குதாரர்கிட்ட ஓட்டு கேட்டுத்தான் வித்தாங்க, 2024ல ரெண்டாவது டிவிஷனான சாம்பியன்ஷிப்புக்கு திரும்பி வந்துட்டாங்க. சீசன் டிக்கெட்ல நமக்கு சீட்டு கெடைக்கும், ஓட்டு கெடைக்காது. 2025 ஜூலைல ஃபுட்பால் ஆளுகை சட்டம் வந்து தனி ரெகுலேட்டர் வந்தாச்சு, ஓனர் யாரு பணம் எங்கருந்துன்னு கேக்குற அதிகாரம் அவங்களுக்கு இருக்கு, சந்தோஷம். அதுக்காக டிரஸ்ட்ட விட்டுடாதீங்க.

ரேட்டிங்: முன்னாடி வாங்குன டிக்கெட்டுக்கு அஞ்சுல ரெண்டு. பின்னாடி வாங்குன அரை சீசன் டிக்கெட்டுக்கு நாலு, குறைஞ்ச ஒண்ணு அந்த மூடிக்கெடக்குற மேல் ஸ்டாண்டுக்காக. பக்கத்து சீட்டுக்காரர் அஞ்சு குடுக்கணும்னு சண்டைக்கு வர்றாரு.

அடுத்த சீசனுக்கு புதுப்பிக்க சொல்லி மெயில் வந்தா உடனே கட்டிடாதீங்க, மூணு கேள்விய எழுத்துல கேளுங்க: டேக்ஓவர் முடியுற வரைக்கும் இந்த பணம் தொடாம தனி அக்கவுண்ட்ல இருக்குமா, சீசன் ஆரம்பிக்கலைன்னா முழுசா திரும்ப வருமா, ஸ்டேடியம் கிளப் பேர்ல இருக்கா இல்ல ஓனரோட வேற கம்பெனி பேர்ல இருக்கா. நான் அனுப்பியாச்சு, முதல் ரெண்டுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் ஆபீஸ்ல இருந்து ஆமான்னு பதில் வந்துடுச்சு, மூணாவதுக்கு இன்னும் வரல. வந்ததும் இங்கயே அப்டேட் பண்றேன்.