சிங்கிள்-ஏவில் ஒரே குரலா, டிரிபிள்-ஏவில் இரண்டாம் குரலா?

அமெரிக்க மைனர் லீக் பேஸ்பால் வானொலி வர்ணனையில் நுழைபவர் முன் அடிக்கடி வரும் தேர்வு இது. மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்கில் சிங்கிள்-ஏ கீழ்நிலைப் படிகளில் ஒன்று, டிரிபிள்-ஏ உச்சப் படி.

சிங்கிள்-ஏ அணியில் பெரும்பாலும் ஒரே வர்ணனையாளர்தான். செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியுடன் 6 ஆட்டங்கள், திங்கள் ஓய்வு. ஒன்பது இன்னிங்ஸும் தனியாகப் பேச வேண்டும். அதற்கு முன் பத்திரிகையாளர்களுக்கான ஆட்டக் குறிப்பு, வீரர் பட்டியல் திருத்தம், மிக்ஸர் (ஒலிக் கலவைக் கருவி) இணைப்பு எல்லாம் உங்கள் தலையில். பல அணிகளில் விளம்பர விற்பனையும் சேரும். குரல் கெடுவதைவிட, களைப்பில் ஸ்கோர் சொல்ல மறப்பதே அதிகம் நடக்கும். புகழ்பெற்ற பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர் 3 நிமிட மணல் கடிகாரத்தை மேசையில் வைத்துக்கொண்டது இதற்காகத்தான்: மணல் தீரும்போதெல்லாம் ஸ்கோர் சொல்ல. ரசிகர் ஒலிக்கான மைக்கைக் குறைத்துவிட்டால் மைதானமே காலியாக இருப்பதுபோல் கேட்கும்.

டிரிபிள்-ஏவில் ஊரும் மைதானமும் பெரிது, மேஜர் லீக் ஒரு படி தூரம். ஆனால் இரண்டாம் குரலுக்கு, அதாவது முதன்மை வர்ணனையாளரின் துணைக்கு, நடு இன்னிங்ஸ் சிலவும், ஆட்டத்துக்கு முந்தைய நிகழ்ச்சியும்தான் கிடைக்கும். வெளியூர்ப் பயணம் பல இடங்களில் இல்லை.

டெமோ (வேலைக்கு அனுப்பும் மாதிரி ஒலிப்பதிவு) கையில் இல்லாதவர் சிங்கிள்-ஏவுக்கே போகலாம். ஹோம் ரன் துண்டுகளை ஒட்டிய டெமோ எடுபடாது. பரபரப்பில்லாத ஒரு முழு இன்னிங்ஸை வெட்டாமல் அனுப்புங்கள். இரண்டு மூன்று சீசன் அப்படி ஓடியவருக்கு டிரிபிள்-ஏ பொருந்தும். சம்பளம்? இரண்டிலும் பலருக்குச் சீசனோடு முடிகிறது. குளிர்காலத்தில் கல்லூரிக் கூடைப்பந்தோ ஐஸ் ஹாக்கியோ கைகொடுக்கும்.