"டீசல் வண்டி ஆயில் குடிக்கத்தான் செய்யும்" என்றால், அதை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்

ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் இடையில் என்ஜின் ஆயில் குறைவதைக் கவனித்திருக்கும் டீசல் கார் உரிமையாளர்கள், குறிப்பாக வாரண்டி முடியச் சில மாதங்களே உள்ளவர்கள், இதைப் படித்துவிட்டுச் சர்வீஸ் சென்டருக்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் காரில் ஒரு சிறு பாகம் அடைத்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்க முயலாமல், ஏறத்தாழ பத்து மாதங்கள் என்னை அலையவிட்டு, வாரண்டி முடிந்த பிறகு நல்ல நிலையில் இருந்த டர்போவை (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) கெட்டுப்போனதென்று சொல்லி என் செலவிலேயே மாற்றினார்கள். காரின் பெயரையும் சர்வீஸ் சென்டரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எந்த டீசல் காரிலும் இதே நடக்கலாம்.

ஏழு பேர் அமரக்கூடிய கார், புதிதாக வாங்கியது, 3 ஆண்டுகள் அல்லது 1,00,000 கி.மீ. வாரண்டி. முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. 38,000 கி.மீ. சர்வீஸில் ஆயில் மாற்றி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் மேல்கோடு வரை நிரப்பித் தந்தார்கள். அடுத்த 1,100 கி.மீ. ஓடியபின் ஒரு நாள் காலை, வண்டியைக் கிளப்பும் முன் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தபோது, ஆயில் கீழ்க்கோட்டை ஒட்டி நின்றது. எங்கள் மேனுவலின்படி இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ளது ஒரு லிட்டர். அதே மேனுவல், 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை குறைவது ஏற்கத்தக்கது என்கிறது. எங்கள் வண்டி அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு குடித்திருந்தது. தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

சர்வீஸ் அட்வைசர் சொன்ன பதில்: "டீசல் வண்டி கொஞ்சம் ஆயில் குடிக்கத்தான் செய்யும் சார், நீங்கள் கவலைப்படாதீர்கள்." மேனுவலைப் பிரித்து அந்த வரியைக் காட்டியதும், ஆயில் சோதனை ஒன்று செய்வதாகச் சொன்னார். முறையான சோதனை என்றால், ஆயிலைச் சரியான அளவுக்கு நிரப்பி, வடிகால் போல்ட்டிலும் டிப்ஸ்டிக்கிலும் நிரப்பும் மூடியிலும் சீல் வைத்து, மீட்டர் கணக்கை எழுதி, 1,000 கி.மீ. கழித்து அதே நிலையில் மறுபடி அளக்க வேண்டும். என் வண்டிக்கு எந்த சீலும் வைக்கவில்லை. 1,000 கி.மீ. கழித்துக் கொண்டுபோய் விட்ட அன்று மாலையில் திரும்பப் பெற்றபோது, புகாரையும் செய்த வேலையையும் எழுதும் தாளான ஜாப் கார்டில் "ஆயில் அளவு பார்க்கப்பட்டது, சரியாக உள்ளது" என்று மட்டும் இருந்தது. காலையில் நான் விட்டுச் சென்றபோது கீழ்க்கோட்டில் இருந்த ஆயில், இப்போது மேல்கோட்டில் இருந்தது. நிரப்பிவிட்டு அளந்திருக்கிறார்கள். இப்படி மூன்று முறை நடந்தது. ஒருமுறைகூட என் புகார் என்னவென்பது ஜாப் கார்டில் ஏறவில்லை. "பொதுச் சோதனை" என்ற தலைப்பிலேயே எல்லாம் முடிந்தது. நானும் ஒவ்வொரு முறையும் கையெழுத்திட்டு வந்தேன். அந்த வரி பின்னால் எவ்வளவு முக்கியமாகப் போகிறது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

வாரண்டி முடிந்த ஆறாவது வாரத்தில், சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் நீலப்புகை வர ஆரம்பித்தது. கறுப்புப் புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை என்று பொருள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது என்று பொருள். அதே சர்வீஸ் சென்டரில், டர்போவில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் போய்விட்டது, உரிமையாளர் ஆயில் குறைவாக வைத்து ஓட்டியதுதான் காரணம் என்றார்கள். நான் வாரம் தவறாமல் அளந்து ஊற்றிய ஆயிலுக்கு என் குறிப்பேட்டில் கணக்கு இருந்தது. அவர்களுடைய ஆவணத்தில் என் புகாரே இல்லை. வேறு வழியின்றிப் பணம் கட்டி டர்போவை மாற்றினேன். பழைய டர்போவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இத்தனை மாதங்களில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

புது டர்போவுடன் 900 கி.மீ. ஓடியதும் ஆயில் மறுபடி கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. "புது டர்போ செட் ஆகட்டும் சார்" என்றார்கள். டர்போவுக்கு அப்படி எந்தக் காலக்கெடுவும் கிடையாது.

அதன்பின்தான், டீசல் என்ஜின் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் கம்ப்யூட்டர் எதையும் மாட்டவில்லை. என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் நிரப்பும் மூடியைத் திருகி எடுத்து, வாயின் மேலேயே கவிழ்த்துச் சும்மா வைத்தார். மூடி கொதிக்கிற பானையின் மூடிபோலத் துள்ளியது. டிப்ஸ்டிக் குழாயின் விளிம்பில் ஆயில் முத்துமுத்தாகக் கோத்திருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். "உள்ளே காற்று அடைபடுகிறது சார், பிரீதரைப் பார்ப்போம்" என்றார்.

எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, என்ஜினின் அடிப்பகுதிக் கூடான கிராங்க்கேஸுக்குள் இறங்குவது எல்லா என்ஜினிலும் உள்ளதுதான். அதில் கலந்திருக்கும் ஆயில் துளிகளைப் பிரித்து, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்கே திருப்பிவிட்டு, வாயுவை மட்டும் காற்று உறிஞ்சும் குழாய்க்கு அனுப்புவது பிரீதரில் உள்ள செப்பரேட்டரின் வேலை. அது கசடு பிடித்து அடைத்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறுகிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. அதில் ரப்பர் சீல் வைக்க முடியாது, மெல்லிய உலோக வளையம்தான் இருக்கும். பேரிங்கை நனைத்த ஆயில், தன் எடையாலேயே கீழ்க்குழாய் வழியாக வழிந்து சம்ப்புக்குத் திரும்ப வேண்டும். சம்ப்புப் பக்கம் அழுத்தம் இருந்தால் அது இறங்க வழியில்லாமல் அந்த வளையத்தைத் தாண்டிக் காற்றுப் பக்கம் கசிந்துவிடும். டர்போ புதிதா பழையதா என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை.

டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் கீழ்க்குழாயைக் கழற்றியபோது, அடியில் வைத்த தட்டில் கறுப்பு ஆயில் கொட்டியது. டர்போ மாற்றியவர்கள் இன்டர்கூலரைக் கழுவவே இல்லை. நான் பயந்தது இதைப் பார்த்துத்தான். தேங்கிய ஆயிலை என்ஜின் மொத்தமாக உறிஞ்சினால், டீசலை நிறுத்தினாலும் அந்த ஆயிலையே எரித்து வேகம் ஏறிக்கொண்டே போகும். சாவியை அணைத்தாலும் நிற்காது. கியர் வண்டியானால் பிரேக்கை முழுதாக அழுத்தி, உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்சை விட்டு என்ஜினை அடக்க வேண்டியிருக்கும். குழந்தைகளோடு ஆறு மாதங்கள் அந்த வண்டியில் நெடுந்தூரம் போய்வந்திருக்கிறோம்.

பழைய டர்போவையும் அவரிடம் காட்டினேன். தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். ஆயில் படலத்துக்கு வேண்டிய இயல்பான சிறு அசைவைத் தவிர வேறில்லை. டர்போவுக்குள் சுழலும் சக்கரம் கூட்டில் உரசிய தடமும் இல்லை. அதை மாற்றியிருக்கவே வேண்டியதில்லை.

வேறொன்றையும் சொல்லிவிட வேண்டும். சிலர் தங்கள் வண்டியில் ஆயில் குறையவே இல்லை, கொஞ்சம் ஏறுகிறது என்று மகிழ்கிறார்கள். புகையில் உள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டியான டிபிஎஃப் உள்ள வண்டியில் இது நல்ல செய்தி இல்லை. பல வண்டிகளில், டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் எரிப்பதற்காக என்ஜின் கூடுதல் டீசலைச் சிலிண்டரிலேயே தெளிக்கும். குறுந்தூர ஓட்டத்தில் அந்த வேலை பாதியில் நின்றுகொண்டே இருந்தால், டீசலில் ஒரு பகுதி ஆயிலோடு கலந்து அளவை உயர்த்தும், ஆயிலை நீர்க்கச் செய்யும். ஆயில் எரிந்து குறைவதையும் அது மறைத்துவிடும். எரிந்த ஆயிலின் சாம்பலோ எந்த வெப்பத்துக்கும் எரியாமல் டிபிஎஃப்பிலேயே தங்கிவிடும். எங்கள் டிபிஎஃப்பில் அந்தப் பாதிப்பு இப்போது தெரிகிறது. கரி எரிப்பு முன்பைவிட அடிக்கடி நடக்கிறது.

சிவப்பு ஆயில் விளக்கு எரியவில்லையே என்று யாரும் இருந்துவிடாதீர்கள். அது அழுத்தம் விழுந்ததைக் காட்டும் விளக்கு. அது எரியும்போது பேரிங்குகளுக்கு ஆயில் போகாத நிலை வந்திருக்கும். சமதரையில், என்ஜின் ஆறியபின், டிப்ஸ்டிக்கை நீங்களே பாருங்கள். மீட்டரையும் டிப்ஸ்டிக்கையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். வண்டியை விடும்போது, "1,000 கி.மீ.க்கு இவ்வளவு ஆயில் குறைகிறது என்று உரிமையாளர் புகார்" என்ற வரி ஜாப் கார்டில் ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். சோதனை என்றால் சீல் வைக்கச் சொல்லி, அதையும் படம் எடுங்கள். டர்போ என்று சொன்னால், கிராங்க்கேஸ் அழுத்தம் பார்த்தார்களா, ஆயில் சம்ப்புக்குத் திரும்பும் குழாயைப் பார்த்தார்களா, இன்டர்கூலரைக் கழுவுவார்களா என்று கேளுங்கள்.

செப்பரேட்டரை மாற்றி, குழாய்களைக் கழுவி மாட்டியபின் 9,000 கி.மீ. ஓடிவிட்டது, ஆயில் கோடுகளுக்கிடையே கால் பங்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவே. தயாரிப்பு நிறுவனத்துக்கு என் கணக்கு, படங்கள், மெக்கானிக்கின் அறிக்கை அனைத்தையும் அனுப்பி, டர்போவுக்கான தொகையைத் திருப்பித் தரக் கேட்டேன். வாரண்டிக் காலத்தில் ஆயில் குறைவதாக எந்தப் புகாரும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. மூன்று ஜாப் கார்டுகளின் நகலோடு மறுபடி எழுதியிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.