கின்சா சுஷி கவுண்டர்: மதியமா, இரவா?

டோக்கியோவின் கின்சாவில் எட்டு, பத்து இருக்கை மட்டுமே உள்ள சுஷிக் கடைகள் பலவற்றில் மதிய ஒமகாசேயின் (சமையல்காரரே தேர்ந்து பரிமாறும் சாப்பாடு) விலை இரவு விலையில் ஏறக்குறைய பாதிதான். சமையல்காரர் அவரேதான், சோறும் அதேதான். அப்படியானால் மீதிப் பணம் எதற்குப் போகிறது?

பெரும்பாலும் ட்சுமாமி என்ற சிறு தட்டுகளுக்கு. இரவில் சஷிமி என்ற பச்சை மீன் துண்டுகள், பதமாக வேகவைத்த ஆக்டோபஸ், ஆவியில் வெந்த அபலோன் என்ற கடல் நத்தை, சுட்ட மீன் என்று சிறு தட்டுகள் வந்து முடிந்த பிறகே நிகிரி, அதாவது சோற்றுப் பிடியின் மேல் மீன் வைத்த சுஷி, தொடங்கும். இரண்டு மணி நேரமாவது ஆகும். அந்தத் தட்டுகள் சாகே என்ற அரிசி மதுவுக்குத் துணையாக அமைந்தவை. மது தொடாதவர் இரவுக்குச் செலவழிக்கத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. குளிர்காலம் மட்டும் விலக்கு: அங்கிமோ என்ற மீன் ஈரலும் ஷிராகோ என்ற காட் மீனின் விந்துப் பையும் ருசியின் உச்சத்தில் இருக்கும் பருவம் அது.

மதியத்தில் பத்துப் பன்னிரண்டு நிகிரி, ஒரு சுருள், முட்டை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கடல் முள்ளெலி, ஓதோரோ (சூரை மீனின் கொழுப்பு மிகுந்த வயிற்றுப் பகுதி) போன்ற விலை கூடியவை குறையலாம். ஆனால் கடையின் கைத்திறனைக் காட்டுவது கொஹாதா. அது விலை குறைந்த சிறு மீன், மதியமும் வரும். உப்பிடும் நேரத்தையும் வினிகரில் ஊறும் நேரத்தையும் மீனின் அளவு, கொழுப்பு பார்த்து மாற்ற வேண்டும். கூடினால் வெறும் புளிப்பு, குறைந்தால் கவிச்சி வாடை. பசியோடு உட்கார்ந்து முதல் வாயிலேயே சோற்றைச் சுவைப்பதால் அதில் கலந்த சிவப்பு வினிகரின் மணமும் உடல் சூட்டளவிலான வெப்பமும் தெளிவாகத் தெரியும். வைத்த உடனே சாப்பிடுங்கள். படம் எடுக்கத் தாமதித்தால் சோறு ஆறிவிடும், நோரி என்ற கடற்பாசித் தாள் நமத்துப்போகும். சோயா ஏற்கெனவே தடவியிருக்கும், தொட்டுக்கொள்ள வேண்டாம்.

எந்த வேளையானாலும் டோக்கியோவின் மொத்த மீன் சந்தையான டொயோசு மூடும் ஞாயிறும் பல புதன்கிழமைகளும் தவிர்க்கத் தக்கவை. பதப்படுத்திய மீனுக்குப் பாதகமில்லை, சிப்பி வகைகளில்தான் வேறுபாடு தெரியும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொடங்கும் கடைகளில் தாமதமாகப் போனால் தவறவிட்டது திரும்ப வராது. ஒவ்வாமையை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். வாசனைத் திரவியம் பூச வேண்டாம்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் வேறு ஏதும் வேண்டுமா என்று கேட்பார்கள். விருப்பமானதை ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கினாலும் இரவு விலையை எட்டாது.